கண்ணீர் மூன்று என்ற கோப்பு

கனடாவில் ஸ்காபரோவில் இருந்துகொண்டு, தமிழில் எழுதினால் ஒருவருக்கும் விளங்காது என்று நம்பிய மனிதன் நான். பஸ்ஸில் முன்னால் இருப்பவரைப் பற்றித் தமிழில் முணுமுணுத்தால், அவரே திரும்பி "ஓம், சொல்லுங்கோ" என்று கேட்கிற ஊர் இது. மீன்கடையில் தமிழ், பல் வைத்தியர் வாசலில் தமிழ், வீடு விற்பவரின் விளம்பரத்தில் அவருடைய பல்லோடு சேர்த்துத் தமிழ். இந்த ஊரில்தான் நான் தமிழை ரகசிய மொழியாகப் பாவித்தேன். அதுவும் ஒரு சட்ட அலுவலகத்தில். என் மனைவிக்கு இந்தக் கதை தெரியும். யாராவது என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னால் மெல்லமாக இருமுவாள்.

இந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மாதிரிக் கோப்புகள், அதாவது நீங்கள் சொல்லும் ரெம்பிளேற்றுகள், திரையில் வரிசையாக நிற்கும். குடும்ப வழக்கு என்று தேடினால் குடும்ப வழக்கு வரும். மரணசாசனம் என்று தேடினால் மரணசாசனம் வரும். அந்த ஒழுங்கு எப்படி வந்தது என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி என்னை வேலையால் நிறுத்த வழியில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டத்தரணி, முன் மேசையில் ஒருவர், பிறகு கிளார்க் என்ற பெயரில் நான். சட்டத்தரணி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வயதில் என் மகளைவிடச் சற்று மூத்தவர். வாடிக்கையாளர் முன்னால் அவரை மடம் என்பேன், கதவு சாத்தினால் பிள்ளை என்பேன். அவருக்கு நான் எப்போதும் அங்கிள். தமிழ் வடிவாகக் கதைப்பார். ஆனால் எழுத்தைக் கண்டால், யாரோ போட்ட கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

ஒருநாள் கூப்பிட்டு, "அங்கிள், எங்கட ரெம்பிளேற் எல்லாம் டோட்டல் மெஸ். நீங்கள் இருந்து ஓகனைஸ் பண்ணுங்கோ. ஒவ்வொண்டுக்கும் ஒரு டாக் போட்டா, தேடேக்க டக்கெண்டு வரும்" என்றார்.

எனக்குப் பெருமை. அதுவரை போட்டோக்கொப்பி எடுத்தவனுக்கு ஒரு நூலகத்தையே கொடுத்ததுபோல இருந்தது. முடிந்த வழக்குகளில் நல்லதாக எழுதப்பட்ட கடிதங்களையும் அஃபிடவிற் எனப்படும் சத்தியக்கடதாசிகளையும் எடுத்தேன். பெயர்களை அழித்தேன், ஊர்களை அழித்தேன், திகதிகளை அழித்தேன், அந்த இடங்களை வெற்றாக விட்டேன். மாதிரிக் கோப்பு தயார். பெயரை எடுத்துவிட்டால் ஆளையும் எடுத்தாயிற்று என்று எனக்கு நினைப்பு.

பிறகு குறிச்சொற்கள். ஆங்கிலத்தில் போடவேண்டியதை ஒழுங்காகத்தான் போட்டேன். ஆனால் கோப்பின் விபரங்களுக்குள் 'தலைப்பு' என்று ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தது. வெறும் பெட்டியைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. வாடகைக்காரருக்கு எழுதும் முதல் கடிதத்துக்கு 'கெஞ்சல்' என்று தமிழில் போட்டேன். இரண்டாவதற்கு 'வெருட்டல்'. குடும்ப வழக்குச் சத்தியக்கடதாசிகளை மூன்றாகப் பிரித்தேன். பெருமூச்சோடு நிற்பவை 'கண்ணீர் ஒன்று'. கண் கலங்குபவை 'கண்ணீர் இரண்டு'. கண் துடைக்கும் ரிசுப்பெட்டி முழுவதும் காலியாகிறவை 'கண்ணீர் மூன்று'. தனியே இருந்து நானே சிரித்தேன். உண்மையைச் சொன்னால் அது உதவியாகவும் இருந்தது, தேடினால் டக்கென்று வந்தது.

இனி அந்தத் தாய். பெயர் சொல்லமாட்டேன், அந்த அளவுக்காவது தொழில் பழகியிருக்கிறேன். வெக்ஸ்போர்ட்டில் ஒரு தொடர்மாடியில் இருந்தார். விடியவே கோப்பிக்கடை ஒன்றில் வேலை. ஒன்பது வயதில் ஒரு பெண் பிள்ளை, ஐந்து வயதில் ஒரு பெடியன். கணவனிடமிருந்து பிரிந்து சில மாதங்கள். கணவன் மிசிசாகாவில் தமையன் வீட்டில் இருந்துகொண்டு, பிள்ளைகள் இனித் தன்னோடுதான் இருக்கவேண்டும், தாய்க்குப் பார்க்க வசதியில்லை என்று நீதிமன்றத்துக்குப் போயிருந்தான். வீட்டுக்குள் அவன் கை ஓங்கியதைப் பற்றி அவனுடைய கடதாசியில் ஒரு சொல் கிடையாது. அதைச் சொல்லவேண்டியது எங்கள் கடதாசி. வியாழக்கிழமை விசாரணை.

அவர் எங்கள் முன்னால் இருந்து சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்தேன். கண்ணீர் மூன்றைத் திறந்து வெற்றிடங்களை நிரப்பினேன். சட்டத்தரணி திருத்தினார். பிறகு, ஆங்கிலத்தில் இருந்ததை நான் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு பந்திக்கும் தலையாட்டினார். கடைசியில் சத்தியம் செய்து திரையிலேயே கையெழுத்து வைத்தார். அந்தப் பிரதி மின்னஞ்சலில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. அது வெள்ளிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை விசாரணைக்கு ஆயத்தம் செய்வதற்காக அந்தப் பிரதியைச் சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டேன். திரையின் மேல் ஓரத்தில், கோப்பின் பெயர் வரும் இடத்தில், என்னுடைய தமிழ் நின்றது.

கண்ணீர் மூன்று.

நான் வெறும் பெட்டி என்று நினைத்து எழுதியது, பிரதியோடு ஒட்டிக்கொண்டே பயணம் போயிருக்கிறது. எதிர்த்தரப்புக்கும் போயிருக்கிறது. நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது.

"அங்கிள், உதென்ன மேல தமிழில?" என்று கேட்டார் சட்டத்தரணி.

"அது பிள்ளை, எங்கட பைல் நம்பர்."

"நைஸ்" என்றார்.

முப்பது வருடமாகப் பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்கவைத்துத் திரிந்த வாய் அது. அந்தப் பொய் எவ்வளவு இலகுவாக வந்தது என்பதுதான் என்னை முதலில் பயப்படுத்தியது. என் மேசைக்குப் போய் இருந்தேன். காது இரண்டும் சுட்டன. கால் விரல்கள் குளிர்ந்தன. ஒரே உடம்புக்குள் இரண்டு காலநிலை.

யோசித்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு அலுவலகத்தின் கிளார்க்கும் தமிழன். கல்யாண மண்டபத்தில் என்னோடு ஒரே மேசையில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டவன். அவன் இதைத் திறந்து, வாசித்து, தன் சட்டத்தரணிக்கு மொழிபெயர்த்தால் போதும். "இந்த அம்மா சொல்வது அவவின் கதை அல்ல, அலுமாரியில் மூன்றாம் தட்டில் இருந்து எடுத்த கதை" என்று அவர்கள் சொல்வார்கள். அடி வாங்கிய ஒரு பெண் சொன்ன உண்மை, என் பகிடியால் பொய்யாகிவிடும். பிள்ளைகள் மிசிசாகாவுக்குப் போவார்கள்.

அடுத்த ஒரு மணித்தியாலத்தில் நான் செய்ததெல்லாம் பிழை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்களுக்கும் ஒருநாள் இதே வரிசையில் இவைதான் தோன்றும்.

முதலில் தலைப்பை அழித்து இன்னொரு பிரதி செய்தேன். 'தெளிவான பிரதி இணைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை. நேர்மையால் என்று நினைக்காதீர்கள். அவசரத்தில் முகவரியை மூன்று முறை பிழையாக அடித்தேன். அதற்குள், ஒன்றும் கேட்காமலே புதுப் பிரதி வந்தால் பழையதைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள் என்று என் மரமண்டைக்கும் உறைத்தது.

பிறகு அந்தக் கிளார்க்குக்கு ரெலிபோன் எடுத்தேன். நம்மட ஆள்தானே, காதோடு காதாகச் சொல்லி வைக்கலாம் என்று.

"சொல்லுங்கோ அண்ணை" என்றான்.

ஒன்றைக் கேட்டுவிட்டால் அவனையும் என் குழிக்குள் இழுத்துவிடுவேன் என்று அந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

"ஒண்டுமில்லைத் தம்பி. உங்கட ஒபிஸில ஸ்கானர் என்ன கொம்பனி?"

மறுபக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணை, வியாழக்கிழமை எங்கட ரெண்டு ஒபிசுக்கும் கேஸ் இருக்கு. ஸ்கானரைப் பற்றி வெள்ளிக்கிழமை கதைப்பம்" என்று வைத்துவிட்டான்.

அவனுக்குத் தெரியுமா தெரியாதா? அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் போட்டுக் கேட்டேன். சிரித்ததுபோலவும் இருந்தது. சிரிக்காததுபோலவும் இருந்தது. கடைசியில் எழும்பிப் போய் சட்டத்தரணியின் கதவடியில் நின்றேன்.

"ஏன் அங்கிள் வேர்க்குது? ஏசியைக் கூட்டவோ?"

"பிள்ளை, காலமை நான் ஒரு பொய் சொன்னனான்."

அவர் பேனையை வைத்தார். "ஷட் த டோர், அங்கிள்."

எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பு, மின்னஞ்சல், ஸ்கானர் உட்பட. அவர் முடியும்வரை கேட்டார்.

"கண்ணீர் எண்டா ரியர்ஸ்தானே?"

"ஓம்."

"வை த்ரீ? ஏன் மூண்டு?"

"ஒண்டு பெருமூச்சு. ரெண்டு கண்கலங்கல். மூண்டு..." என்று ரிசுப்பெட்டியைக் காட்டினேன்.

அவருடைய உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. நான் கத்தலுக்குக் காத்திருந்தேன். அதற்கு என்னிடம் ஒரு முகம் தயாராக இருந்தது. அவர் கத்தவில்லை. யன்னலைப் பார்த்தபடி கேட்டார்:

"டைட்டில் வந்திருக்கெண்டா, அதோட சேர்ந்து வேற என்ன வந்திருக்கு?"

எனக்கு விளங்கவில்லை.

"இந்த ரெம்பிளேற்றை நீங்கள் ஆர்ட அஃபிடவிற்றில இருந்து செய்தனீங்கள்? அதைப் பிரின்ற் எடுங்கோ. இதையும் எடுங்கோ."

பிள்ளைகளே, என் வேலைக்காலம் முழுவதிலும் கேட்ட ஒரே நல்ல கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். நான் ஒரு மணித்தியாலமாக என் மானத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். பிடிபடுவோமா என்பதே என் கேள்வி. அவர் கேட்டது, அந்தப் பெண் சத்தியம் செய்த கடதாசி உண்மையா என்று.

இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தோம். கோடு போடும் அடிமட்டத்தை வைத்து வரி வரியாக இறங்கினோம். பதின்மூன்று பந்தி வரை சுகம். அவருடைய விபரங்கள், அவருடைய சொற்கள். பதினான்காம் பந்தியில் என் விரல் நின்றது. இரண்டு கடதாசியிலும் அது எழுத்துக்கு எழுத்து ஒன்று:

'தகப்பனின் காலடிச் சத்தம் கேட்டால் என் மூத்த பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.'

பெயர் இல்லை, ஊர் இல்லை, திகதி இல்லை. ஆகவே நான் அழிக்கவில்லை. வேறொரு தாயின் வேறொரு பிள்ளை, வேறொரு கட்டிலின் கீழ் இருந்தபடியே என் மாதிரிக் கோப்புக்குள் ஒளிந்திருந்து, இந்தத் தாயின் சத்தியத்துக்குள் வந்துவிட்டது. நான் வெறும் தலைப்புக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். கதிரையில் இருந்துவிட்டேன்.

"மே பி, அவவின்ர பிள்ளையும் ஒளிக்குமோ?" என்றார் சட்டத்தரணி. அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை. "கூப்பிடுங்கோ."

அந்தத் தாய் வேலை முடிந்து, கோப்பிக்கடைச் சீருடையும் தொப்பியுமாக லோரன்ஸ் வீதிப் பஸ் எடுத்து வந்தார். நான் அந்தப் பந்தியை மட்டும் தமிழில் வாசித்தேன்.

"இது நடந்ததோ தங்கச்சி?"

"இல்லை அண்ணை."

"அண்டைக்கு வாசிக்கேக்கை தலையாட்டினீங்கள்..."

"நீங்கள் கடகடவெண்டு வாசிச்சனீங்கள். சட்டத்துக்கு அப்பிடி ஒரு வசனம் வேணுமாக்கும் எண்டு நினைச்சன். லோயர் எழுதினதை நான் என்னெண்டு பிழையெண்டுறது?"

ஒருவர் தலையாட்டினால் ஒப்புக்கொண்டார் என்று எழுதாதீர்கள். பயந்தவர்களும் தலையாட்டுவார்கள். மரியாதைக்கும் தலையாட்டுவார்கள். எங்கள் சனம் டொக்டருக்கும் லோயருக்கும் ஆட்டுகிற தலையை வீட்டில் ஒருவருக்கும் ஆட்டாது.

"அப்ப உங்கட மகள் என்ன செய்வா?" என்று கேட்டார் சட்டத்தரணி.

அந்தப் பெண் தன் மடியில் கிடந்த தொப்பியைப் பார்த்தார். "அவள் ஒளிக்கமாட்டாள் மடம். எனக்கு முன்னால வந்து நிப்பாள். ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு. நான்தான் அவளை இழுத்துப் பின்னால விடுறனான்."

நான் கண்ணீருக்கு நம்பர் போட்டவன். இதற்கு என்னிடம் நம்பர் இருக்கவில்லை.

சட்டத்தரணி அவருக்கு எல்லாவற்றையும் சொன்னார். தலைப்பையும் சொன்னார், யார் போட்டது என்பதையும் சொன்னார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பவில்லை. அதைவிடத் திரும்பி ஏசியிருக்கலாம்.

"பந்தி பதினாலை நாங்கள் எடுக்கவேணும். பிழையெண்டு கோர்ட்டுக்குச் சொல்லவேணும்" என்றார் சட்டத்தரணி. "எதிர்ப்பக்கத்து ஆக்கள் அதைப் பிடிச்சு, ஒண்டு பொய்யெண்டா எல்லாம் பொய்யெண்டு சொல்லுவினம்."

"சொல்லாட்டி?"

"தெரிஞ்சாப் பிறகு சொல்லாட்டி அது எங்கட பொய். நாளைக்கு ஆரும் உங்கட மகளிட்டை, 'நீ எந்தக் கட்டிலுக்குக் கீழ ஒளிக்கிறனி?' எண்டு கேட்டா, அவள் உண்மையைத்தான் சொல்லுவாள். அப்ப நீங்கள் பொய்க்காரி."

"அப்ப பிள்ளையளை அவரிட்டைக் குடுத்திடுவினமோ?"

சட்டத்தரணி வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். மேசையின் எதிர்ப்பக்கம் நான் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மேசையைப் பார்த்ததில்லை.

அன்று புதிய சத்தியக்கடதாசி வெள்ளைத் தாளில் தொடங்கியது. மாதிரிக் கோப்பு ஒன்றும் திறக்கவில்லை. அவர் சொன்னார், நான் எழுதினேன், வாசித்தேன். ஒவ்வொரு பந்தி முடியவும் நிறுத்தி, "நீங்கள் இப்ப உங்கட வாயால திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். மூன்று இடத்தில் நான் எழுதியது வேறு, அவர் சொன்னது வேறு. மூன்றையும் திருத்தினோம். அவர் சத்தியம் செய்து கையெழுத்து வைக்க, அன்றே அதை எதிர்த்தரப்புக்கும் நீதிமன்றத்துக்கும் அனுப்பினோம்.

வியாழக்கிழமை விசாரணை நேரில் அல்ல, திரையில்தான். எங்கள் அறையில் சட்டத்தரணியும் அந்தப் பெண்ணும் கமராவுக்கு முன்னால். நான் மூலையில், கமராவுக்குத் தெரியாத இடத்தில், சுவரோடு ஒரு நாற்காலிபோல ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

நான் பயந்தது நடந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பேசத் தொடங்கியதும் முதல் வேலையாக, முதற் கடதாசியின் தலைப்பு 'கண்ணீர் மூன்று' என்று தனக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டதாகச் சொன்னார். இது ஒரு தாயின் வாக்குமூலமா, தொழிற்சாலைப் பொருளா என்று கேட்டார். அந்தக் கிளார்க்கில் எனக்குக் கோபமில்லை. அவன் தன் வேலையைச் செய்தான். நானாக இருந்தாலும் செய்திருப்பேன், இன்னும் இரண்டு பகிடி சேர்த்து.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இதற்கு விளக்கம் உண்டா என்று கேட்டார். எங்கள் சட்டத்தரணி கமராவை நேரே பார்த்துப் பேசினார். அந்தத் தலைப்பு தன் அலுவலகத்தின் மடத்தனம் என்றார். பதினான்காம் பந்தி தன் அலுவலகத்தின் பிழை என்றார். இரண்டிலும் தன் வாடிக்கையாளருக்குப் பங்கில்லை, பிழையைக் கண்ட அன்றே திருத்திய கடதாசியைக் கொடுத்திருக்கிறோம் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. கை காட்டவும் இல்லை. 'என் அலுவலகம்' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நான் நாற்காலியில் ஒரு அங்குலம் கீழே இறங்கினேன்.

நீதிபதி திருத்திய கடதாசியைத் திறந்தார். தனக்குள் வாசித்தார். ஒரு பக்கத்தைத் திரும்பவும் வாசித்தார். அந்தப் பெண் மேசைக்குக் கீழே தன் தொப்பியின் முனையைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி முதலில் எங்கள் அலுவலகத்தைக் கண்டித்தார். அந்த வார்த்தைகளை நான் இங்கே எழுதமாட்டேன், எனக்கு இன்னும் பாடமாக இருக்கின்றன. பிறகு, அடுத்த தவணை வரை பிள்ளைகள் தாயோடு இருக்கலாம் என்றார். தகப்பன் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் அவர்களைச் சந்திக்கலாம். அவ்வளவுதான். வெற்றி என்று சொல்ல முடியாது. அடுத்த தவணை வரை என்பது எத்தனை இரவு என்று அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

அதன்பிறகு எல்லா மாதிரிக் கோப்புகளையும் நான் மீண்டும் திறந்தேன். பெயரை மட்டும் அல்ல, யாரோ ஒருவருடைய வாழ்க்கை என்று மணக்கும் ஒவ்வொரு வசனத்தையும் அழித்தேன். இன்று உங்கள் திரையில் அவை எலும்பும் தோலுமாக, ருசியே இல்லாமல் இருப்பதற்குக் காரணம் நான்தான். ருசியை உங்களுக்கு முன்னால் இருக்கிற மனிதர் கொண்டுவருவார். கேட்டு எழுதுங்கள். எழுதியதை அவர் வாயால் திருப்பிக் கேளுங்கள். பிழை கண்டால் மறைக்கும் வழியை யோசிக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தை, பாதிக்கப்படப்போகிறவருக்குக் கொடுங்கள். என்னுடைய ஒரு மணித்தியாலம் ஸ்கானரில் போனது.

அந்த வியாழக்கிழமை விசாரணை முடிந்து திரை அணைந்தது. அந்தப் பெண் கோட்டை எடுத்தார். நான் வாசல்வரை பின்னால் போனேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து மனதுக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்த மன்னிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. நல்ல நீளமானது.

"தங்கச்சி, நான் விட்ட பிழை சின்னப் பிழை இல்லை. உங்கட கஷ்டத்தை வைச்சு நான் பகிடி விட்டனான். உங்களிட்டை எப்பிடி மன்னிப்புக் கேக்கிறதெண்டு எனக்கு..."

அவர் கதவைத் தள்ளியபடி சொன்னார்:

"அண்ணை, மூண்டரைக்குப் பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்திடுவினம், நான் போகோணும்."